சம்பளத்தைக் கொட்டிச் சுவடி சேர்த்த கர்னல் மெக்கன்சி: சேகரிப்பு தப்பியது, படித்துச் சொன்னவர்கள் என்ன ஆனார்கள்?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். வேகவதி ஆற்றைத் தாண்டி இருக்கும் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போகிறவர்கள் குறைவு. சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி மாதிரி இது ஜின காஞ்சி. சமணர்களின் காஞ்சி.

இங்கே திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே சந்திரபிரபர் கோயில். விஜயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், விதானம் முழுக்க வண்ண ஓவியங்கள். ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகள் வரிசை வரிசையாகப் போகின்றன. காலத்தில் மங்கிவிட்டாலும், படங்களுக்குக் கீழே எழுதியிருக்கும் தமிழ்க் குறிப்புகள்தான் அவற்றைக் கதையாக்குகின்றன. யார் பிறக்கிறார், யார் துறவு போகிறார் என்பதை அந்த எழுத்து சொல்கிறது. சென்னை அருங்காட்சியகத்துக்காக டி.என்.ராமச்சந்திரன் 1934-ல் இந்தக் கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

எழுத்து அழிந்துபோனால் என்ன ஆகும்? படம் இருக்கும். அது என்ன படம் என்று யாருக்கும் தெரியாது.

பழைய பொருட்களைச் சேர்க்கிற எவரும் சந்திக்கும் பிரச்சினை இதுதான். தென்னிந்தியாவில் இதை மிகப் பெரிய அளவில் சந்தித்தவர் கர்னல் காலின் மெக்கன்சி. சொந்த ஆர்வத்தில், சொந்தச் சம்பளத்தில், கிட்டத்தட்ட 25 வருடங்கள் சுவடி, கல்வெட்டு நகல், நாணயம், சிற்பம், ஓவியம் என்று சேர்த்துத் தள்ளியவர். தமிழகத்தின் உள்ளூர் வரலாற்றை எழுதுகிற எவரும் எங்காவது ஓரிடத்தில் அவருடைய பெயரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

யார் இந்த மெக்கன்சி?

ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊரில் 1754-ல் பிறந்தவர். அங்கேயே சுங்கத் துறையில் வேலை பார்த்தார். கப்பல் வரும், சரக்கு இறங்கும், கணக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. கணக்கில் ஆசை அதிகம்.

அந்த ஆசைதான் அவரை இந்தியாவுக்குத் தள்ளியது. மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத, அவர் பரம்பரையில் வந்த நேப்பியர் பிரபு ஒருவர் திட்டமிட்டிருந்தார். பழைய இந்தியர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு தெரிந்திருந்ததா என்று தேடும் வேலையில் மெக்கன்சியும் சேர்ந்துகொண்டார். அந்த நூல் முடியவில்லை. தேடல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை வந்து இறங்கினார். அப்போதே வயது 30-ஐ நெருங்கிவிட்டது. படையில் சேர அது தாமதமான வயது. நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனோடு மதுரையில் குடியிருந்தார். மெக்கன்சியை அங்கே அழைத்து, கணிதமும் சாஸ்திரமும் தெரிந்த பண்டிதர்களை அறிமுகப்படுத்தினார்கள். இந்த நாட்டின் பழைய அறிவு மொத்தமும் ஓலையில் இருக்கிறது என்பது மதுரையில்தான் அவருக்கு உறைத்தது.

ஆனால் அடுத்த 13 வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. காரணம், போர். திப்பு சுல்தானுக்கு எதிரான மூன்றாம் மைசூர் போர், 1793-ல் புதுச்சேரி முற்றுகை, 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து கொழும்பைப் பிடித்த படையெடுப்பு என்று ஓடிக்கொண்டே இருந்தார். படைப் பொறியாளர் என்பதால் முற்றுகைக்கான வேலை, பாதை, வரைபடம் எல்லாம் அவர் தலையில். இதை மறந்துவிட்டு அவரை வெறும் அறிஞராகப் பார்க்க முடியாது. நாட்டைப் பிடிக்கிற படைக்கு வழிகாட்டிய வரைபடங்களை வரைந்த கைதான், அந்த நாட்டின் கதைகளையும் சேர்த்தது.

தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அப்புறம் எப்படி?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மெக்கன்சிக்கு இந்திய மொழி எதிலும் படிக்கிற அளவுக்குத் தேர்ச்சி கிடையாது. சுவடியைக் கையில் கொடுத்தால் எது தலை, எது கால் என்று தெரியாது. இதை அவர் மறைத்ததும் இல்லை.

1796-ல் இலங்கையிலிருந்து திரும்பியபோது அவருக்கு ஓர் இளைஞர் கிடைத்தார். பெயர் காவலி வெங்கட போரய்யா. ஏலூரைச் சேர்ந்த தெலுங்கு பிராமணக் குடும்பம். வயது 20 இருக்கும். பல மொழி தெரியும். அதைவிட முக்கியம், ஊர்களுக்குள் போய்ப் பேசத் தெரியும். பழைய கன்னட எழுத்தில் இருந்த கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் சொல்லும் திறமையும் இருந்தது. தன்னுடைய உண்மையான தேடல் போரய்யா வந்த பிறகே தொடங்கியது என்று மெக்கன்சி பிற்காலத்தில் எழுதிய கடிதத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய 13 வருடத்தை அவர் கணக்கிலேயே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1799-ல் திப்பு இறந்தார். பிடிபட்ட மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது. சுமார் 40,000 சதுர மைல். பத்து வருடத்துக்கும் மேல் நீண்ட வேலை. காடு, மலை, விஷக் காய்ச்சல். கம்பெனிக்கு வேண்டியது எல்லை, பாதை, ஏரி, மக்கள்தொகை, விளைச்சல். மெக்கன்சி அதையும் செய்தார். கூடவே, அளவை முகாம் போகிற ஊரெல்லாம் போரய்யாவையும் அவருடைய ஆட்களையும் அனுப்பினார்.

இந்த ஊருக்குப் பெயர் எப்படி வந்தது? யார் யார் ஆண்டார்கள்? கோயிலை யார் கட்டியது, மானியம் யார் கொடுத்தது? செப்பேடு இருக்கிறதா? கல்வெட்டு எங்கே? கர்ணம் வீட்டுப் பரணில் பழைய கணக்கு ஏதாவது கிடக்கிறதா? இப்படிப் போனது அவர்களின் கேள்விப் பட்டியல். பதிலை எழுதி வாங்கினார்கள். ஊர்க் கணக்கர்களும் பெரியவர்களும் சொல்லி எழுதிய இந்த ஊர் வரலாறுகளுக்குக் கைபீது என்று பெயர்.

கேட்டவுடன் யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. கம்பெனி ஆள் வந்து நிலத்தைப் பற்றியும் மானியத்தைப் பற்றியும் விசாரித்தால், அடுத்து வரிதான் வரும் என்று ஜனங்கள் பயந்தார்கள். செப்பேடு என்பது வெறும் பழம்பொருள் இல்லையே. அந்தக் குடும்பத்துக்கு நிலப் பத்திரமே அதுதான். அதை எவனோ கேட்டான் என்று கொடுப்பார்களா? அதனால் பல இடங்களில் நகல் எடுக்க மட்டுமே அனுமதி கிடைத்தது. உட்கார்ந்து பேசி, நம்பிக்கை சம்பாதித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார்கள்.

சமணர்களுக்கும் மெக்கன்சிக்கும் என்ன தொடர்பு?

மைசூர் அளவையின்போது போரய்யா சமண குரு ஒருவரைச் சந்தித்தார். அவரிடம் சமணத்தின் கொள்கை, சடங்கு, குருமார் வரிசை எல்லாவற்றையும் கேட்டு எழுதி மொழிபெயர்த்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழின் 9-ஆம் தொகுதியில் இது கட்டுரையாக வெளிவந்தது. அதே தொகுதியில் புக்கனன், கோல்புரூக் ஆகியோரின் சமணம் பற்றிய கட்டுரைகளும் இருந்தன. சமணம் என்றால் பௌத்தத்தின் கிளையா, இந்து மதத்தின் ஒரு பிரிவா என்று ஐரோப்பியர்கள் குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. சமணர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன விவரம் அச்சில் வந்தது அந்தக் குழப்பத்தைத் தெளிவாக்க உதவியது.

மொழிபெயர்த்தவர் காவலி போரய்யா என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1803-லேயே, 30 வயதைத் தொடாமல், இறந்துவிட்டார். அவருடைய இடத்துக்குத் தம்பி லட்சுமய்யா வந்தார். இன்னொரு தம்பி ராமசாமியும் இதே வேலையில் இருந்தார். தக்காணக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1829-ல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் இந்த ராமசாமிதான்.

சமணர்களிடம் சுவடி கேட்கப் போக, சமணரே ஒருவர் குழுவுக்கு வந்தார். கர்நாடகத்தைச் சேர்ந்த தர்மய்யா. 1816-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த புகழ்பெற்ற எண்ணெய் ஓவியத்தில் இவரையும் பார்க்கலாம். நடுவில் சிவப்புச் சீருடையில் மெக்கன்சி. சுற்றிலும் 3 இந்தியர்கள். ஓலைச்சுவடியோடு இருப்பவர் தர்மய்யா, தொலைநோக்கி வைத்திருப்பவர் கிருஷ்ணாஜி, இன்னொருவர் லட்சுமய்யா என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். தூரத்தில் குன்றின்மேல் தெரிவது கார்கலாவின் கோமடேசுவரர் சிலை. கம்பெனி அதிகாரிகள் தங்களை வரையச் சொல்லும்போது வேலைக்காரர்களை ஓரமாக நிறுத்துவது வழக்கம். இதில் சுவடி இருப்பது பண்டிதரின் கையில்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை மண்டலத்தின் கதைகளும் இந்தச் சேகரிப்பில் உண்டு. சோழர் வருவதற்கு முன் குறும்பர்கள் இந்த நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள், அவர்களின் தலைமைக் கோட்டை புழலில் இருந்தது, அவர்கள் சமணத்தைத் தழுவினார்கள், பிறகு ஆதொண்டச் சோழன் அவர்களை வென்றான் என்று போகிற வரலாறு மெக்கன்சி சுவடிகள் வழியாகத்தான் பரவலாகத் தெரியவந்தது. அப்படியே நடந்தது என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 200 வருடத்துக்கு முன் இந்த மண்ணின் மக்கள் தங்கள் கடந்த காலத்தை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். புழலில் ஆதிநாதர் கோயில் இன்றைக்கும் இருக்கிறது.

அமராவதிக் கற்கள்

கல்லையும் அவர் விடவில்லை. கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியில் ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு புது ஊர் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுமானத்துக்குக் கல் வேண்டும். பக்கத்திலேயே ஒரு மேடு. தோண்டினால் செதுக்கிய கற்பலகைகள் வருகின்றன. எடுத்துக் கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். அது பழமையான பௌத்தத் தூபி என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

மெக்கன்சி 1798-ல் அங்கே போய்ப் பார்த்தார். மறுபடியும் 1816-ல் ஆட்களோடு போய் முறையாக வரையச் சொன்னார். ஒவ்வொரு கல்லாக, அளவோடு வரைந்தார்கள். அதன்பிறகு பல கற்கள் காணாமல் போயின. இன்றைக்கு அவை எப்படி இருந்தன என்று தெரிவதற்கு அந்த ஓவியங்கள் மட்டுமே ஆதாரம். மிஞ்சிய கற்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. 1811 முதல் 1813 வரை மெக்கன்சி ஜாவாவில் இருந்தார். 1812-ல் பிரிட்டிஷ் படை யோக்யகர்த்தா அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தது. அரண்மனை நூலகமும் தப்பவில்லை. அந்தச் சுவடிகளில் ஒரு பங்கு மெக்கன்சியின் சேகரிப்புக்கு வந்து சேர்ந்தது. 2019-ல் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளின் மின்நகல்களை யோக்யகர்த்தாவுக்குக் கொடுத்தது. மூலச் சுவடிகள் லண்டனில்தான் இருக்கின்றன. கர்ணத்திடம் கெஞ்சி நகல் எடுத்ததும், அரண்மனையில் அள்ளிக்கொண்டதும் ஒரே சேகரிப்புக்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காசு எங்கிருந்து வந்தது?

நில அளவைக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. சுவடி தேடி அலைந்தவர்களின் சம்பளத்திலும் வழிச்செலவிலும் பெரும்பங்கு மெக்கன்சியின் சொந்தப் பையிலிருந்து போனது. இந்தத் தேடலை லண்டன் இயக்குநர்கள் 1810-ல் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். பாராட்டு வந்ததே தவிர, அதுவரை ஆன செலவு அப்படியே திரும்பி வந்துவிடவில்லை.

பதவி மட்டும் உயர்ந்தது. 1810-ல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளர். 1815-ல் இந்தியா முழுமைக்குமான முதல் தலைமை நில அளவையாளர். ஆனால் இந்தப் பதவிக்கு அவர் கல்கத்தா போக வேண்டும். இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு 1817-ல் கிளம்பினார்.

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. சுவடிகளைப் பெட்டி கட்டிக் கப்பலில் ஏற்றிவிடலாம். படிக்கிற ஆட்கள்? தமிழ், தெலுங்கு, கன்னடம் தெரிந்தவர்களுக்கு வங்காளத்தில் என்ன வேலை? குடும்பத்தை விட்டு அவ்வளவு தூரம் வர எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? லட்சுமய்யா போன்ற சிலர் கூடப் போனார்கள். மற்றவர்கள் தெற்கிலேயே தங்கி, சேகரித்ததை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் பழைய நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு மெக்கன்சி நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். மதுரையில் அவரை வரவேற்ற அதே ஜான்ஸ்டன் தம்பதியின் மகன் இவர். அப்போது இலங்கையின் தலைமை நீதிபதி. எப்படி ஆரம்பித்தேன், யார் உதவினார்கள், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் விவரித்தார். சேர்ந்ததையெல்லாம் ஒழுங்குபடுத்தி, விளக்கமான பட்டியல் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு நேரம் கிடைக்கவே இல்லை. 1821 மே 8-ஆம் தேதி கல்கத்தா அருகே இறந்தார். சவுத் பார்க் தெரு கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மொத்தம் எவ்வளவு சேர்ந்திருந்தது?

பெட்டிகளைத் திறந்து எண்ணும் வேலை ஹொரேஸ் ஹேமன் வில்சன் என்ற சமஸ்கிருத அறிஞரிடம் போனது. 1828-ல் அவர் வெளியிட்ட பட்டியல் சொல்லும் கணக்கு இது:

* இலக்கிய, சமயச் சுவடிகள்: 1,568
* ஊர் வரலாறுகள்: 2,070
* கல்வெட்டு, செப்பேட்டு நகல்கள்: 8,076
* மொழிபெயர்ப்புகள்: 2,159
* வரைபடங்கள்: 79
* ஓவியங்கள்: 2,630
* நாணயங்கள்: 6,218
* சிலைகள்: 106
* பிற தொல்பொருட்கள்: 40

மொத்தம் 14 மொழிகள், 16 எழுத்து முறைகள். ஒரே மனிதரின் சேகரிப்பு இது. மெக்கன்சியின் மனைவி பெட்ரோனெல்லாவிடமிருந்து கம்பெனி அரசு இதை 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. மெக்கன்சி செலவழித்தது அதைவிட அதிகம் என்று சொல்லப்படுகிறது.

இந்த வில்சனுக்கும் தென்னிந்திய மொழிகள் தெரியாது. மெக்கன்சியின் ஆட்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த சுருக்கங்களையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்துத்தான் பட்டியலை முடித்தார். எது எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தது, அந்த ஓலையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் போரய்யா, லட்சுமய்யா, தர்மய்யா போன்றவர்களின் கையெழுத்தில் இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் வில்சன் முன்னால் இருந்தது வெறும் ஓலைக் குவியல்தான்.

லட்சுமய்யாவுக்கு என்ன நடந்தது?

மெக்கன்சி போன பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. பாதி ஊர்களில் இன்னும் கேட்கவே இல்லை. எடுத்த நகல்களில் பலவற்றை மொழிபெயர்க்கவில்லை. இதை எங்கே விட்டோம், எப்படித் தொடர வேண்டும் என்று முழுசாகத் தெரிந்த ஆள் ஒருவர் உயிரோடு இருந்தார். அவர்தான் காவலி லட்சுமய்யா. அண்ணன் இறந்த 1803-லிருந்து இந்த வேலையிலேயே இருந்தவர்.

சென்னைக்குத் திரும்பிய அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியர்களைக் கொண்டே ஓர் இந்து இலக்கியச் சங்கத்தை அமைத்தார். ஆய்வைத் தொடர அனுமதியும் உதவியும் வேண்டும் என்று அரசிடம் விண்ணப்பித்தார். அரசு கல்கத்தாவின் ஆசியாட்டிக் சங்கத்திடம் கருத்துக் கேட்டது. 1836-ல் சங்கத்தின் குழு அறிக்கை கொடுத்தது. அப்போது சங்கத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். பிராமி எழுத்தைப் படித்துச் சாதனை செய்ததாக அடுத்த வருடமே புகழ்பெறப்போகிறவர்.

அறிக்கையின் சாரம் இவ்வளவுதான்: இந்த மாதிரி ஆய்வைத் தலைமை ஏற்று நடத்தும் விமர்சன அறிவு ஓர் இந்தியருக்கு இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது, உதவியாளராக இருந்தால் போதும். சுவடிகளை ஆராயும் பொறுப்பு வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போனது. அவருடைய அறிக்கைகள் 1838 முதல் சென்னையில் அச்சாகின. அவற்றில் இருந்த பிழைகளைப் பிற்கால அறிஞர்கள் வரிசையாகச் சுட்டிக்காட்டினார்கள்.

30 வருடத்துக்கும் மேல் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவருக்கே அதைத் தொடரும் தகுதி இல்லை என்று, அந்த ஊர்களைப் பார்த்தே இராதவர்கள் முடிவு செய்தார்கள். மெக்கன்சிக்கு மொழி தெரியாது என்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. லட்சுமய்யாவுக்கு மொழி தெரிந்திருந்தது ஒரு தகுதியாகவும் தெரியவில்லை.

சேகரிப்பு இப்போது எங்கே?

மூன்றாக உடைந்தது. ஒரு பகுதி 1820-களில் லண்டனுக்குக் கப்பலேறியது. அது இன்று பிரிட்டிஷ் நூலகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. ஒரு பகுதி கல்கத்தாவில் தங்கியது. தென்னிந்திய மொழிச் சுவடிகள் 1828-ல் சென்னைக்குத் திரும்பின. அவைதான் 1869-ல் உருவான அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடித்தளம்.

ஒரு ஊரின் சுவடி சென்னையில், அதன் மொழிபெயர்ப்பு லண்டனில், அந்த ஊர்க் கோயிலில் எடுத்த ஓவியம் வேறு அலமாரியில் என்கிற நிலைமை இப்படித்தான் வந்தது. இணைத்துப் பார்க்க ஆள் இல்லாததால், பல சுவடிகள் 100 வருடத்துக்கும் மேல் பிரிக்காமலே கிடந்தன. கொங்குதேச ராஜாக்கள் போன்ற சில நூல்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் தமிழில் அச்சாகின. தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கங்களை டி.வி.மகாலிங்கம் பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1972-ல் வெளியிட்டது. மெக்கன்சி இறந்து 151 வருடம் கழித்து.

இன்றைக்கு இந்தக் கதை எதற்கு?

பழைய நாணயம், தபால்தலை, தீப்பெட்டிப் படம், கிராமபோன் தட்டு என்று சேர்க்கிறவர்கள் இப்போதும் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் தெருமுனையில் மாட்டியிருந்த பழைய தீ எச்சரிக்கைப் பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள்கூட உண்டு. கைப்பிடியை இழுத்தால் அந்தப் பெட்டிக்கான எண் தந்திக் கம்பி வழியாகத் தீயணைப்பு நிலையத்தில் மணியாக அடிக்கும். எந்த எண் எந்தத் தெருமுனை என்ற பட்டியல் அந்த நகரத்திடம் இருக்கும். பட்டியல் தொலைந்துவிட்டால் பெட்டியின்மேல் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. அழகான சிவப்பு இரும்பு மட்டும் மிச்சம்.

சுவடியும் அப்படித்தான். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோது ஓலை கிடைத்தது ஒரு பாதி வேலைதான். அதில் இருக்கும் சமணக் கருத்துகளைப் புரியவைக்கக் கும்பகோணத்துச் சமணர்கள் வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டில் அந்தக் காப்பியத்தைப் படிக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருந்தது. உ.வே.சா. அவர்களிடம் போய்க் கேட்டார், கேட்டதை எழுதியும் வைத்தார்.

மெக்கன்சி தொடக்கத்திலேயே இதைப் புரிந்துகொண்டவர். அதனால்தான் பொருளைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெட்டிகளை 1 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். லட்சுமய்யாவை வேண்டாம் என்றார்கள். அதன் விலை, படிக்காமல் போன அந்த 100 வருடம்.

வீட்டுப் பரணில் தாத்தாவின் ஓலைக்கட்டோ, பழைய புகைப்படப் பெட்டியோ இருக்கிறவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு வேலை உண்டு. படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லத் தெரிந்த பாட்டி இன்னும் இருக்கும்போதே, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துவிட வேண்டும். திருப்பருத்திக்குன்றத்து விதானத்தில் ஓவியத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியவர் செய்ததும் அந்த வேலைதான்.